‘முடிவு உங்களுடையது’ என்றேன்

நான் ஒரு கோட்பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதனால் ஒரு பெண் செத்துப்போனாள். அந்தச் சாவுக்குத் தான்தான் காரணம் என்று அவளுடைய அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் நம்புவது தவறு என்று எனக்குத் தெரியும். இன்றுவரை நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முன்னுரை, பின்னணி, மேற்கோள் என்று சுற்றி வளைத்து, யார் மீதும் குற்றமில்லை என்கிற இடத்தில் உங்களைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். எனக்கு அது நன்றாக வரும். அதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையில் இருக்கிற ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரம் கற்பிக்கிறேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்காரும் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனவர் எவருமில்லை. ஆனால் ‘தொழிலாளி வர்க்கம்’ என்ற சொல்லை என்னளவுக்கு உருகி உருகிச் சொன்னவன் இந்த வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

படிக்கிற காலத்தில் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். கொடி கட்டினேன், துண்டறிக்கை எழுதினேன். பிறகு எனக்கே அலுத்துப்போனது. கூட்டங்களில் பெண்கள் கடைசியில் நின்றார்கள். கழிப்பறை இல்லை என்று அவர்கள் சொன்னால், “அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம்மா, மொதல்ல கூலி” என்பார் எங்கள் தலைவர். சேரிக்காரர்கள் ஒரு வேனிலும் ஊர்க்காரர்கள் இன்னொரு வேனிலும் ஆலைக்குப் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வர்க்கம் ஒன்றுதான், மற்றதெல்லாம் தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டோம். எதுவும் உதிரவில்லை.

அப்போதுதான் புதிய புத்தகங்கள் என் கைக்கு வந்தன. மார்க்சியத்துக்குப் பிந்தையவர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்களின் புத்தகங்கள். உழைப்பை நடுவில் வைத்து உலகத்தைப் பார்ப்பது பழைய பழக்கம் என்றன அவை. வர்க்கம் யார் நெற்றியிலும் எழுதி வருவதில்லை; அது பேச்சால் கட்டப்படுவது. ஆலையில் வேலை செய்யும் பெண் தொழிலாளி மட்டுமல்ல. அவள் ஒரு சாதியில் பிறந்தவள், ஒருத்தனுக்கு மனைவி, ஒரு சாமிக்குத் தீச்சட்டி எடுப்பவள். கூலியைக் கூட்டிக் கேட்கும் போராட்டம் கூலி என்ற ஏற்பாட்டை ஒத்துக்கொண்டு அதற்குள் பங்கு கேட்பதுதான். அது விலங்கை உடைப்பதில்லை, பளபளப்பாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்தவன் பாமரனுக்காகப் பேசக் கூடாது. அப்படிப் பேசுவதே ஓர் ஆதிக்கம்.

இவற்றில் பொய் எதுவும் இல்லை. தயவுசெய்து அதைக் கவனியுங்கள்... இன்றைக்கும் வகுப்பில் இவற்றைத்தான் கற்பிக்கிறேன், மனமார நம்பிக் கற்பிக்கிறேன். பொய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தால் என்றைக்காவது யாராவது என்னைப் பிடித்து வெளியே இழுத்திருப்பார்கள். நான் ஒளிந்தது உண்மைக்குப் பின்னால்.

சங்கத்தை விட்டாலும் பழக்கம் விடவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு டியூஷன் அறையை ஞாயிறு மதியங்களில் கேட்டு வாங்கி, அங்கேயுள்ள ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ‘வாசிப்பு வட்டம்’ என்று பெயர் வைத்திருந்தேன். ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை. நான் பேசுவேன், அவர்கள் கடலை தின்பார்கள்.

பேச்சியம்மா அங்கேதான் பழக்கமானாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். அம்மாவும் தங்கை மாரீஸ்வரியும் இவளோடு இருந்தார்கள். வாய் அதிகம். நான் நீளமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். விழித்தால், “சார், சுருக்கா முடிங்க, கொளாயில தண்ணி வந்துரும்” என்பாள். மாரீஸ்வரி அதற்கு நேர் எதிர். அக்கா சொல்வதற்கெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

உழைப்பு மனிதனின் பெருமை அல்ல என்று ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா இடையில் கேட்டாள்.

“பெருமைன்னு எவன் சார் சொன்னான்? இந்த மருந்து ரூம்புல யாரு ஆசப்பட்டா உக்காந்திருக்கா? வேற போக்கிடம் இருந்தா நாங்க ஏன் இங்கன வாறோம்?”

நான் மகிழ்ந்துபோனேன்! புத்தகத்தில் பல பக்கம் போகும் விஷயத்தை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள் என்று வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன். போக்கிடம் இல்லை என்றாளே, அந்தப் பாதியை நான் எழுதவில்லை.

அவள் சொன்ன மருந்து ரூம் எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். காகிதக் குழாய்களில் வெடிமருந்தை அடைப்பது அங்கேதான். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கதவுப் பக்கத்தில் பெயின்டில் எழுதியிருக்கும். ஆனால் கூலி நாளுக்கு இல்லை, அடைத்த குழாய்க்குத்தான். எவ்வளவு அடைக்கிறாயோ அவ்வளவு. அதனால் தீபாவளி சீசன் வந்தால் அக்கா தங்கையைக் கூட்டி வருவாள், மாமியார் மருமகளைக் கூட்டி வருவாள். இரண்டு பேர் அடைப்பது ஒருத்தி பெயரில் ஏறும். வருகிற ஆளுக்குக் கம்பெனியில் பெயரே கிடையாது. நாலு பேர் அறையில் ஆறு பேர் இருப்பார்கள். சோதனைக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே போன் வரும். உடனே கூடுதல் ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போய்த் திரி வெட்டுகிறவர்களைப்போல் உட்கார்ந்துகொள்வார்கள். கம்பெனிக்குத் தெரியும், சோதிக்க வருகிறவருக்கும் தெரியும்.

மாரீஸ்வரி அப்படிப் போனவள்தான். அக்காவின் பெயரில் உட்கார்ந்தவள்.

அந்த வருடம் சீசன் தொடங்கும்போதே பக்கத்து ஆலையில் ஓர் அறை வெடித்துப் போனது. அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை தின்பது நின்றது. பெண்கள் பயந்திருந்தார்கள். என்ன கேட்கலாம் என்று பல வாரம் பேசினோம். கடைசியில் ஒரு கோரிக்கையாக அதைத் திரட்டியது நான்தான்: மருந்து ரூமில் குழாய்க்குக் கூலி வேண்டாம், நாளுக்குக் கூலி கொடு, கூடுதலாக உட்காரும் பெண்களையும் பெயர் போட்டு எடு, அவர்களுக்கு வேறு அறை கொடு. நாள்கூலி வந்துவிட்டால் அவசரம் இருக்காது. ஓர் அறையில் நாலு பேர் மட்டும் நிம்மதியாக இருப்பார்கள். வெறும் ‘நாலு பேர்’ என்று மட்டும் கேட்டால் தங்கைகளும் மருமகள்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும், பிரித்தால் போச்சு என்று நானே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை அவர்கள் வேனில் ஏறவில்லை. சேரி வேன், ஊர் வேன் இரண்டுமே காலியாகத் திரும்பின. நான் சங்கத்தில் இருந்த காலம் முழுவதும் காணாத காட்சி அது. மறுநாளும் வேன்கள் காலியாகப் போகவே, பேச வருமாறு கம்பெனி மேனேஜர் சொல்லியனுப்பினார்.

பேச்சியம்மா எனக்குப் போன் செய்தாள். “நீங்க வந்தே ஆகணும் சார். எனக்கும் வாயிருக்கு, இல்லேங்கல. ஆனா அந்தாளப் பாத்தா எனக்குக் கோவம்தான் முந்திக்கிட்டு வருது. நீங்கன்னா பதவிசா எடுத்துச் சொல்லுவீக. ரெண்டையும் சேத்துச் சொல்லணும்னு சொன்னீகள்ல, அத நீங்களே சொல்லிருங்க.”

வருகிறேன் என்றேன்.

அன்று மதியம் கல்லூரிச் செயலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். காபி வரவழைத்தார். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையில் அந்த ஆலையின் முதலாளியும் ஓர் உறுப்பினர் என்பது ஊரறிந்தது. நானோ பல வருடமாகத் தற்காலிக ஆசிரியர்.

“ஒங்க பெர்மனன்ட் ஆர்டர் இந்தத் தடவ கமிட்டிக்கு வருது சார். நல்ல செய்திதான்,” என்றார். காபியை ஆற்றிக்கொண்டே, “ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அடிக்கடி போறீகளாமே. அங்கன சொந்தக்காரங்க யாரும் இருக்காகளா?” என்று கேட்டார்.

“இல்ல சார், சும்மா...”

“சும்மான்னா சரி,” என்றார்.

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, எச்சரிக்கை இல்லை. மிரட்டியிருந்தால் எனக்கு ரோஷமாவது வந்திருக்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்காகப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எவ்வளவு உயர்ந்த கேள்வி, பாருங்கள்! அதற்கு முன்தினம் வரை அந்தக் கேள்வி எனக்கு ஏன் எழவில்லை?

மறுநாள் காலை பேச்சுவார்த்தை பேக்கிங் ஷெட்டில் நடந்தது. பெண்கள் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், மேனேஜருக்கு ஒன்று. மேனேஜர் கெட்டிக்காரர். யாரும் வாய் திறக்கும் முன்பே தொடங்கிவிட்டார்.

“ஒங்க பயம் நியாயம்தான். ரூமுக்கு நாலு பேருன்னு போர்டுலயே போட்டிருக்கு. நாளையிலருந்து நாலு பேருதான். தங்கச்சி, மருமக எல்லாரும் வீட்டுல இருக்கட்டும். கூலி பளையபடி. சரியா?”

நான் அஞ்சியபடியே அவர் இரண்டையும் பிரித்துவிட்டார். பெட்டிகளின் மேல் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, “அப்ப என் மருமக பொழப்பு?” என்று கேட்டாள். இன்னொருத்தி, “அவுக தெருக்காரவுகதான ஆளக் கூட்டி கூட்டி உக்காத்துறாக” என்றாள். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில். இரண்டு நாள் ஒன்றாய் நின்றவர்கள் இரண்டு வேன்களாகப் பிரிந்துகொண்டிருந்தார்கள். பேச்சியம்மா எழுந்து கையமர்த்தினாள்.

“எல்லாம் செத்த சும்மா இருங்க. சார் சொல்லுவாக,” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நாளுக்குக் கூலி கொடுங்கள், இந்தப் பெண்களையும் பெயர் போட்டு எடுங்கள்... அவர்கள் உள்ளே வைத்திருந்ததை வெளியே எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்குப் பதிலாக எதையும் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது. என்னை அழைத்து வந்தது வாய்க்காக.

நான் எழுந்தேன். ‘நாள்கூலி’ என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்று, பிறகு இப்படிச் சொன்னேன்:

“இதில் எல்லாருக்கும் ஒரே நலன் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஒவ்வொருவர் நிலைமையும் வேறு. வெளியிலிருந்து வந்த நான் உங்களுக்காகப் பேசுவது சரியில்லை. முடிவு உங்களுடையது.”

வகுப்பில் பேசும் அதே தமிழில், அதே நிதானத்தில் சொன்னேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பேச்சியம்மா நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் இருந்தது ஒருவகை மரியாதை. சார் ஏதோ பெரிய விஷயம் சொல்கிறார், நமக்குத்தான் எட்டவில்லை என்கிற மரியாதை.

“சார் கரெக்டாச் சொல்றாரு. ஒங்க முடிவுதான்,” என்றார் மேனேஜர். “எல்லாரும் வேணும்னா பளையபடி வந்து உக்காருங்க. நாங்க ஒண்ணும் தடுக்கல. வேண்டாம்னா வேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்தல.”

மறுநாள் வேன்கள் நிறைந்து போயின.

என் நியமன உத்தரவு வந்தது. வீட்டில் கேக் வெட்டினோம். நான் கோழை அல்ல, நேர்மையான சிந்தனையாளன் என்று அந்த வாரம் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? பகலில் நம்பினேன். அந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கட்டுரையும் எழுதி வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பினேன். ஒரு கோரிக்கை பல அடையாளங்களாகச் சிதறுவதை நேரில் கண்ட சாட்சியாக அதில் நான் நின்றிருந்தேன். சிதறவிட்டவன் யார் என்பது அதில் இல்லை.

இங்கே வெடிச்சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். நான் வகுப்பில் இருந்தபோது கேட்டது. மாணவர்கள் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். புகை தெற்கே எழுந்தது. பாதிப் பேர் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் யாருக்கும் போன் போடவில்லை. பேச்சியம்மாவின் எண் என்னிடம் இருந்தது.

அவள் பிழைத்துவிட்டாள். அடைத்த குழாய்களை வெயிலில் காயப்போட வெளியே போயிருந்தாள். உள்ளே இருந்தவர்களில் மாரீஸ்வரியும் ஒருத்தி.

விசாரணையில் கம்பெனி தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தப் பெண் எங்கள் ஆளே இல்லை. அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தது அவள் அக்கா. அது அந்த அக்கா தன்னிச்சையாக எடுத்த முடிவு. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டுப் பாருங்கள்... பேச்சியம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். “ஆமா, நாந்தேன் உக்காத்துனேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

என் வாக்கியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்.

அதற்குப் பிறகும் கருத்தரங்குக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். குளிரூட்டிய அறையில் கட்டுரையைப் படித்தேன். கடைசியில், இறந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பெயரில்லாமல் ஒரு பத்தி சேர்த்திருந்தேன். கைதட்டினார்கள். தலைமை தாங்கியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் அவர்களுக்காகப் பேச மறுத்தீர்களே, அதுதான் உங்கள் அரசியல்” என்றார். நான் நன்றி சொன்னேன். ஆம், நன்றி சொன்னேன்!

சில மாதம் கழித்துப் பேச்சியம்மா கல்லூரிக்கு வந்தாள். சிவகாசியில் ரேஷன் கார்டில் ஒரு பெயரை நீக்க வேண்டியிருந்ததாம். அப்படியே என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். காவலாளி உள்ளே விடவில்லை. நான் கேட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். வாய் குறைந்திருந்தது.

“நல்லா இருக்கீகளா சார்?” என்றாள்.

“இருக்கேம்மா. அம்மா எப்படி இருக்காங்க?”

“எங்கிட்டப் பேசுறதில்ல. எங் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டேங்கா. நாந்தேன் கூட்டிட்டுப் போயி கொன்னுட்டேனாம்.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அவ சொல்றதும் நெசந்தான சார். அன்னைக்கு நீங்க சொன்னீக, முடிவு நம்ம முடிவுன்னு. நாந்தான முடிவெடுத்தேன்? வேண்டாம்டி, வீட்டுல கெடன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா. நான் சொன்னா அவ எதுவும் கேப்பா.”

எனக்குப் பின்னால் மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்பு மாறிக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணு கேக்கணும் சார். தப்பா எடுத்துக்கிடாதீக. அன்னைக்கு ஷெட்டுல நீங்க வேற எதாச்சும் சொல்ல வந்தீகளா? நாங்கூட, சார் இப்ப நாள்கூலியப் பத்திச் சொல்லப் போறாகன்னு நெனச்சேன். நீங்க ஒரு மாதிரி நின்னீக. அம்புட்டு நேரம் நின்னுட்டு வேற சொன்னீக. அத நெனச்சு நெனச்சுப் பாக்கேன்... எனக்கு மட்டுந்தான் அப்பிடித் தெரிஞ்சுச்சா?”

அவள் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. அவள் கண்ணில் அது இல்லை. தன் தலையில் இருப்பதில் கொஞ்சத்தை இறக்கிவைக்க இடம் உண்டா என்று கேட்டுப்போக வந்திருந்தாள். ஆமாம் பேச்சியம்மா, சொல்லத்தான் வந்தேன், வேலை போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்... இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அதைக் கொண்டுபோய் அவள் தன் அம்மாவிடம் கொடுத்திருப்பாள்.

“இல்லம்மா. வேற எதுவும் இல்ல,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “அதானே. நாந்தேன் கோட்டி பிடிச்ச மாதிரி யோசிச்சிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீக சார்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனாள். நான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.

இப்போது ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. நான் இதை எழுதியிருக்கும் தமிழைப் பாருங்கள். பேச்சியம்மா இதைப் படிக்கமாட்டாள். அவள் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத்தான் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் படிப்பீர்கள், வருந்துவீர்கள், ஒருவேளை என் நேர்மையைப் பாராட்டக்கூடச் செய்வீர்கள்.

அவர்கள் வீடு எனக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணை பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கிப் போய் அந்த அம்மாவிடம், உங்கள் மகள் அல்ல, நான்தான் என்று சொல்லிவிட்டு வரலாம். பிறகாவது அவர் பேச்சியம்மா கையால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்று பார்க்கலாம்.

நான் இன்னும் போகவில்லை.